திரும்பிப் படுத்தாலே தலை சுற்றுகிறது: ஒரு காதா, இரண்டு காதா?

சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஐம்பத்தாறு வயது அம்மா ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் மகனுடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தபோது, வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டதில் கீழே விழுந்திருக்கிறார். பின்மண்டையில் அடி. அன்றைக்கே சி.டி. ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் விடியற்காலையில் மாட்டைப் பார்க்க எழுந்தவருக்கு வீடே சுழன்றிருக்கிறது. அன்றிலிருந்து படுத்தால், புரண்டால், பரணை அண்ணாந்து பார்த்தால், பால் கறக்கக் குனிந்தால் சுற்றல். "இந்தப் பக்கம் திரும்புனாலும் சுத்துது, அந்தப் பக்கம் திரும்புனாலும் சுத்துதுங்க. வலப்பக்கம் கொஞ்சம் சாஸ்தி. அரை நிமிசந்தான், ஆனா உசுரே போயிட்டு வருது" என்று எழுதியிருக்கிறார். காதில் இரைச்சல் இல்லை, கேட்பதில் குறையில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பட்டை போடச் சொன்னார். அடுத்தவர் தலைசுற்றல் மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதமாக மூன்று வேளையும் ஓடுகிறது. பிறகு ஒரு காது மருத்துவர், வலது காதில் மட்டும் கோளாறு என்று தலையைத் திருப்பி ஒரு பயிற்சி செய்தார். பாதி குறைந்தது. இன்னொரு காது மருத்துவர், இரண்டு காதிலும் இருக்கிறது, மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்றுவிட்டார். இப்போது அந்த அம்மா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டுப் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டிருக்கிறார். மகன் செல்போனில் வீடியோ காட்டி, நாமே பயிற்சி செய்யலாம் என்கிறார். யார் சொல்வது சரி, எம்.ஆர்.ஐ. வேண்டுமா, இது பக்கவாதத்தில் முடியுமா, காது கேட்காமல் போய்விடுமா, வருகிற தைப்பூசத்துக்கு மலைப் படி ஏற முடியுமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

அம்மா, முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் இது உட்காதில் துகள் இடம் மாறியதால் வரும் தலைசுற்றல். மருத்துவச் சீட்டில் பிபிபிவி என்று எழுதுவார்கள். உயிருக்கு ஆபத்தில்லாதது. பக்கவாதத்தின் முன்னறிவிப்பும் இல்லை. காது செவிடாகாது. அதோடு, மாத்திரையே இல்லாமல் கட்டிலில் படுக்க வைத்துத் திருப்பியே சரி செய்யக்கூடியது. ஆனால் எந்தக் காது, அந்தக் காதில் எந்தக் குழாய் என்று தெரிந்த பிறகுதான் அதைச் செய்ய முடியும். உங்கள் விஷயத்தில் சிக்கிக்கொண்டிருக்கும் இடம் அதுதான்.

காதுக்குள் என்ன நடக்கிறது

செவிப்பறைக்கும் பின்னால், எலும்புக்குள் புதைந்து இருப்பது உட்காது. கேட்பதற்கான பகுதிக்குப் பக்கத்திலேயே, கொத்தனாரின் ரசமட்டம் போல நம் தலையின் சாய்வைச் சொல்லும் பகுதியும் இருக்கிறது. அங்கே ஒரு சிறிய பையில், பசை போன்ற ஒன்றின் மேல், கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். ஒரு துகளின் அளவு ஏறக்குறைய மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அந்தப் பையிலிருந்து வளையல் துண்டுகள் போல மூன்று குழாய்கள் கிளம்புகின்றன. அவற்றில் நீர் மட்டுமே இருக்க வேண்டும்.

தலையில் அடிபட்டாலோ, வயது காரணமாகவோ, சில நேரம் ஒரு காரணமும் தெரியாமலோ துகள்கள் பையிலிருந்து பிய்ந்து குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. கீழ்பவானி வாய்க்காலில் வண்டல் அடியில் தங்குகிற மாதிரி, குழாயின் தாழ்ந்த இடத்தில் கிடக்கும். நீங்கள் புரளும்போது அந்த வண்டல் சரிகிறது, கூடவே நீரையும் இழுக்கிறது. தலை அசையாமல் இருந்தாலும், தலை சுழல்கிறது என்று மூளைக்குச் செய்தி போகிறது. துகள் அடியில் போய் நின்றதும் சுற்றல் நிற்கிறது. அதனால்தான் புரண்ட உடனே இல்லாமல் சில நொடி கழித்துத் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறது. உங்களுடைய "அரை நிமிசம்" எனக்கு எந்த ஸ்கேனையும்விடப் பெரிய தடயம்.

கழுத்துத் தேய்மானம் பற்றி ஒன்று யோசித்துப் பாருங்கள். கட்டிலில் உடம்போடு சேர்ந்து மொத்தமாகப் புரளும்போது கழுத்து முறுக்குவதே இல்லை. தலையும் தோளும் ஒன்றாகவே திரும்புகின்றன. அப்போதும் சுற்றுகிறதென்றால் கழுத்து எலும்பைக் குற்றம் சொல்வது எப்படி? ஐம்பதைத் தாண்டிய பெரும்பாலானோருக்கு எக்ஸ்ரே எடுத்தால் கொஞ்சமாவது தேய்மானம் தெரியும். ரத்த அழுத்தம் குறைந்து வரும் கிறுகிறுப்பும் எழுந்து நிற்கும்போதுதான் வரும், படுக்கும்போது வராது. கழுத்து வலி இல்லையென்றால் அந்தப் பட்டையைக் கழற்றிவிடலாம்.

ஒரு காதா, இரண்டு காதா

இரண்டு காது மருத்துவர்களும் வேறு வேறு சொன்னதால் யாரோ ஒருவர் தவறு என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கிறீர்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. இதைக் கண்டுபிடிக்கும் வழி தெரிந்தால் உங்களுக்கே விளங்கும்.

1952-ல் லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் என்ற இருவர் விவரித்த சோதனையைத்தான் இன்றும் செய்கிறோம். கட்டிலில் கால் நீட்டி உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைப்போம். தலை கட்டிலின் விளிம்புக்கு வெளியே லேசாகத் தொங்கும். கண்ணைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லி, அரை நிமிடத்துக்கு மேல் கருவிழியைப் பார்த்துக்கொண்டே இருப்போம். பின்பக்கக் குழாயில் துகள் இருந்தால், சில நொடிகளில் கண் நெற்றியை நோக்கித் துள்ளும். கூடவே, கீழே இருக்கும் காதை நோக்கிச் சுழன்று வெட்டும். பிறகு தானாக ஓயும். எழுந்து உட்கார்ந்தால் எதிர்த்திசையில் கொஞ்சம் ஆடும். சுற்றல் வருகிறதா என்று உங்களைக் கேட்பதோடு சோதனை முடிவதில்லை. எந்தக் காது என்று கண்தான் காட்டிக் கொடுக்கும்.

வலப்பக்கம் படுத்தால் கண் வலது காதை நோக்கியும், இடப்பக்கம் படுத்தால் இடது காதை நோக்கியும் சுழன்றால், உண்மையாகவே இரண்டு காதிலும் இருக்கிறது என்று பொருள். பொதுவாக இது சிறுபான்மை. ஆனால் தலையில் அடிபட்டவர்களிடம் அதிகம் பார்க்கிறோம். ஒரே அதிர்ச்சி இரு பக்கத்தையும் உலுக்கியிருக்கும், அவ்வளவுதான். விழுந்த நான்காம் நாளே தொடங்கியது என்பதால் உங்களுக்கு இது இருக்க நல்ல வாய்ப்புண்டு. முதல் காது மருத்துவர் வலப்பக்கம் பலமாகத் தெரிந்ததும் அதற்கு மட்டும் பயிற்சி செய்து, அது பாதி குறைந்த பிறகு, மறைந்திருந்த இடது பக்கம் இரண்டாமவர் கண்ணில் பட்டிருக்கலாம். அப்படியானால் இருவருமே அவரவர் பார்த்த நாளில் சரி.

இன்னொரு சாத்தியம், துகள் ஒரே காதில்தான், ஆனால் பக்கவாட்டுக் குழாயில். அந்தக் குழாயில் இருந்தால் எந்தப் பக்கம் புரண்டாலும் சுற்றும், ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு. இரண்டு பக்கமும் சுற்றுகிறது என்பதால் இரண்டு காதும் போய்விட்டது என்று பலர் பயப்படுவது இங்கேதான். மல்லாந்து படுக்க வைத்துத் தலையை இடமும் வலமும் உருட்டிப் பார்த்தால் கண் கிடைமட்டமாக ஆடும். அது பின்பக்கக் குழாயின் ஆட்டத்திலிருந்து தெளிவாக வேறுபடும். வலது காதுக்குச் செய்த பயிற்சியில் துகள் பின்குழாயிலிருந்து பக்கவாட்டுக் குழாய்க்கு நழுவியிருக்கவும் கூடும். அது எப்போதாவது நடப்பதுண்டு, யார் தப்பும் இல்லை. நீங்கள் அண்ணாந்து பார்க்கும்போதும் சுற்றுகிறது என்று எழுதியிருப்பதால் எனக்குப் பின்குழாய் மேல்தான் சந்தேகம் அதிகம், ஆனாலும் உருட்டிப் பார்க்காமல் சொல்லக் கூடாது.

மூன்றாவதாக, ஒரு காதில் மட்டும் துகள் இருந்தும், சோதிக்கும்போது தலையைச் சரியான கோணத்தில் திருப்பாமல் படுக்க வைத்தால், நல்ல காதுப் பக்கம் படுத்தபோதும் கெட்ட காதின் துகள் நகர்ந்து கண் ஆடிவிடும். பார்ப்பவருக்கு இரு பக்கமும் கோளாறு போலத் தெரியும். கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறுக்கமாக இருக்கும் நோயாளிகளிடம் இது எளிதாக நடக்கும். பட்டை போட்டிருந்த உங்கள் கழுத்தும் இறுகித்தான் இருந்திருக்கும்.

ஆகவே உங்களுக்கு இப்போது வேண்டியது மூன்றாவது கருத்து இல்லை. இரண்டு பக்கமும் ஒரே நாளில், ஒரே மருத்துவர், பின்குழாய்க்கும் பக்கவாட்டுக் குழாய்க்கும் முழுச் சோதனை செய்து, கண் எந்தப் பக்கம் எப்படி ஆடியது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் ஊரிலிருந்து பெருந்துறை கூப்பிடு தூரம்தான். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது-மூக்கு-தொண்டைப் பிரிவு இருக்கிறது. கண் ஆட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி இருந்தால் நல்லது, ஆனால் அது இல்லாமலும் பின்குழாய்ச் சோதனையைச் செய்யலாம். கழுத்தைத் தொங்கவிடப் பயமாக இருந்தால் சொல்லுங்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்துச் செய்யும் முறையும் உண்டு.

போவதற்கு முன் இரண்டு வேலை. ஏற்கனவே பார்த்த இடங்களில் உங்கள் மருத்துவப் பதிவின் நகலைக் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகளின்படி, நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தயங்க வேண்டாம், இது சண்டை போடுவது ஆகாது. அடுத்து, வீடியோ பார்க்கும் உங்கள் மகனுக்கு என்னிடம் நல்ல வேலை இருக்கிறது: சுற்றல் வரும்போது நல்ல வெளிச்சத்தில் உங்கள் கண்ணை மட்டும் பக்கத்திலிருந்து செல்போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். எந்தக் காது கீழே இருந்தது என்று குரலில் சொல்லிவிடட்டும். சோதனையன்று சுற்றல் வராமல் போனால் அந்த அரை நிமிடப் படம் பெரிய உதவி.

மாத்திரை, எண்ணெய், ஸ்கேன்

தலைசுற்றல் மாத்திரை துகளைக் குழாயிலிருந்து வெளியே எடுக்காது. குமட்டலைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். அதைவிட முக்கியம், சில மாத்திரைகள் கண் ஆட்டத்தையே மழுங்கடித்துச் சோதனையை ஏமாற்றிவிடும். சிலவற்றை மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் நடையில் தடுமாற்றமும் வரலாம். அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர்கள் 2017-ல் புதுப்பித்த வழிகாட்டுதலும் இந்த நோய்க்கு இவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேசி, சோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை நிறுத்தக் கூடாது.

காதில் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது செவிப்பறையோடு நின்றுவிடும். உட்காதுக்குப் போக வழியே இல்லை. சூடாக இருந்தால் காது வெந்துபோகும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்டிருந்தீர்கள். துகள் எந்த ஸ்கேனிலும் தெரியாது. சோதனையில் கண் நான் சொன்ன விதத்தில் ஆடி, பயிற்சிக்குக் கேட்டால், எம்.ஆர்.ஐ. தேவையில்லை. கண் ஆட்டம் வழக்கத்துக்கு மாறாக நேராகக் கீழ்நோக்கி அடித்தாலோ, ஓயாமல் நீடித்தாலோ, சரியாகச் செய்த பயிற்சி இரண்டு மூன்று முறைக்கும் மசியாவிட்டாலோ எடுக்கத்தான் வேண்டும். இரண்டாவது காது மருத்துவர் அப்படி எதையாவது பார்த்து எழுதினாரா என்பது பதிவில் இருக்கும். அதனால்தான் பதிவைக் கேட்கச் சொன்னேன். ஸ்கேன் எடுத்தால் கெடுதல் ஒன்றுமில்லை, செலவும் அலைச்சலும்தான். ஆனால் ரிப்போர்ட் நன்றாக வந்தது என்பதற்காகக் கட்டில் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தலையில் அடிபட்டவர் நீங்கள். தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, அசாதாரணத் தூக்கக் கலக்கம், பொருள் இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது, முகம் கோணுவது, கை கால் மரத்துப் போவது, அசையாமல் இருந்தும் மணிக்கணக்கில் சுற்றுவது, பிடிக்காமல் நிற்கவே முடியாதது: இவற்றில் எது வந்தாலும் காது மருத்துவரைத் தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். அடிபட்ட சில வாரம் கழித்துக்கூட மூளையைச் சுற்றி மெதுவாக ரத்தம் கட்டலாம். முதல் நாள் சி.டி. நன்றாக இருந்தது என்பது அதற்குக் காப்பு ஆகாது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் போய்விட வேண்டும்.

வைத்தியம் எப்படிப் போகும்

வளைந்த குழாய்க்குள் போன கடுகை, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து வாய் வழியே உருட்டி எடுப்பது போலத்தான் இந்தப் பயிற்சி. ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கி 1992-ல் விரிவாக வெளியிட்டார். சில நிமிட வேலை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று முறைக்குள் சரியாகிவிடும். இரண்டு காதிலும் இருந்தால் அதிகம் தொந்தரவு தரும் பக்கத்தை முதலில் சரி செய்து, சில நாளோ ஒரு வாரமோ கழித்து மறுபக்கம் செய்வது வழக்கம். இரண்டு காது என்பதால் நோய் இரண்டு மடங்கு கடுமை ஆகிவிடாது. ஆனால் அடிபட்டதால் வந்தது கொஞ்சம் பிடிவாதமானது. கூடுதலாகச் சில முறை செய்ய வேண்டியிருக்கும், திரும்ப வரவும் வாய்ப்பு அதிகம். இதை முன்கூட்டியே சொன்னால் நடுவில் மனசு உடையாது.

மகன் வீடியோ பார்த்துச் செய்யலாமா? இப்போது வேண்டாம். வலது காதுக்கான பயிற்சி இடது காதுக்கு உதவாது. பின்குழாய்க்கானது பக்கவாட்டுக் குழாய்க்கு உதவாது. எந்தக் காது என்று உறுதியாகி, மருத்துவர் ஒருமுறை செய்து காட்டிய பிறகு, அதே பக்கத்துக்கு வீட்டில் செய்துகொள்ளலாம். மகனையும் கூடவே கூட்டிப் போய்ப் பார்க்க வையுங்கள்.

பயிற்சிக்குப் பிறகு உட்கார்ந்தே தூங்க வேண்டும் என்பது பழைய அறிவுரை. இப்போது தேவையில்லை என்று தெரிந்துவிட்டது. இன்றே கட்டிலுக்குத் திரும்புங்கள். நாற்காலியில் தூங்கித் தூங்கிக் கழுத்து வலிதான் மிச்சம், பயமும் இறுகிப்போகும். எழும்போது ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எழுங்கள், இரவில் சின்ன விளக்கு எரியட்டும். சரியாகும் வரை ஏணி, பரண், கிணற்றடி, பைக்கின் பின்சீட்டு நான்கும் வேண்டாம். பால் கறப்பதை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும்; குனிந்த நேரத்தில் சுற்றி, மாடு காலைத் தூக்கினால் இன்னொரு அடி. துகள் வெளியேறிய பிறகும் சில நாள், சிலருக்கு இரண்டு மூன்று வாரம்கூட, மிதப்பது போல ஒரு தடுமாற்றம் இருக்கும். அது பழைய சுற்றல் இல்லை. நடக்க நடக்கப் போய்விடும். ஒரு மாதத்துக்குள் ஒருமுறை மறுசோதனைக்குப் போங்கள்.

அப்புறம், ரத்தத்தில் வைட்டமின் டி அளவு பார்த்துவிடுங்கள். இந்த நோய் ஐந்தாண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் வரை திரும்ப வருகிறது. தென்கொரியாவில் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வில், டி குறைவாக இருந்தவர்களுக்கு அதைச் சேர்த்துக் கொடுத்தபோது திரும்ப வருவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. மாதவிடாய் நின்ற வயதில் எலும்பின் வலுவையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

தைப்பூசம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படி ஏறுவது துகளை நகர்த்தாது, நேராகப் பார்த்து நடக்கும் நடைக்கு இந்த நோய் தடையில்லை. அண்ணாந்து கோபுரத்தைப் பார்க்கும்போதுதான் உங்களுக்குச் சுற்றும், அதுவும் 1320 படியில் எந்தப் படியில் நிற்கும்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் மறுசோதனையில் இரண்டு பக்கமும் கண் அமைதியாக இருந்தால் மகனோடு ஏறுங்கள், இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னும் ஆட்டம் மிச்சம் இருந்தால் இந்த வருடம் மட்டும் மலைப்பாதையில் பஸ்ஸில் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள், அம்மா.